ரெட்ரோ போர்டை மானிட்டர்ல மாட்ட ஹெச்டிஎம்ஐயா, விஜிஏவா, ஸ்கேலரா?

மிஸ்டர், மெகா65, ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட், கமாண்டர் எக்ஸ்16னு பழைய கம்ப்யூட்டரை புதுசா செஞ்ச, இல்ல அந்த பாணியில புதுசா டிசைன் பண்ணின போர்டு எதை வாங்கினாலும் அடுத்த தலைவலி டிஸ்ப்ளேதான். எல்லாரும் படம் ஷார்ப்பா வருமான்னு கேக்குறாங்க, நான் மானிட்டர் 50 ஹெர்ட்ஸ் எடுக்குமான்னு முதல்ல பாருங்கன்னுதான் சொல்லுவேன். PAL டிவி முறையில ஓடுற கமடோர் 64, ஸ்பெக்ட்ரம் ரெண்டுமே செகண்டுக்கு 50 ஃபிரேம் சொச்சம், அதை 60 ஹெர்ட்ஸ்ல ஓட்டினா அஞ்சுல ஒரு ஃபிரேம் ரெண்டு தடவை வரும், ஸ்க்ரோலிங் கேம்ல அது பளிச்சுன்னு தெரியும்.

போர்டுலயே ஹெச்டிஎம்ஐ இருந்தா அதுலதான் ஆரம்பிக்கணும். மிஸ்டர்ல விசிங்க் அட்ஜஸ்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, 0ல விட்டா எப்பவும் மானிட்டர் ரேட்டுக்கே ஓடும், 1 போட்டா கோரோட (ஓடுற பழைய மெஷினோட) ரேட்டுக்கு மாறும், 2 போட்டா அதோட டிலேயும் குறையும், ஆனா கொஞ்சம் ஏறுமாறான ரேட் வந்தாலே சில டிவி படமே காட்டாம அடம்பிடிக்கும், அப்போ 1க்கு வந்துடுங்க. ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்ல கதை வேற. அங்க ஹெச்டிஎம்ஐக்காக மெஷினோட டைமிங்கையே லேசா மாத்துறாங்க, அசல் டைமிங்கை நம்பி எழுதின டெமோ (மெஷினோட திறமையைக் காட்டுற கிராஃபிக்ஸ் புரோகிராம்) பாக்கணும்னா விஜிஏதான்.

எக்ஸ்16 போர்டுல ஹெச்டிஎம்ஐயே கிடையாது, ஆனா விஜிஏல 640×480 சிக்னல் வர்றதால சின்ன விஜிஏ கன்வர்ட்டரே போதும். அதே கன்வர்ட்டரை 15 கிலோஹெர்ட்ஸ் ஆர்ஜிபில (பழைய டிவி மாதிரி செகண்டுக்கு 15 ஆயிரம் வரி சொச்சம் வரையுற சிக்னல்) மாட்டினா ஒண்ணும் வராது, விஜிஏக்கு 31 கிலோஹெர்ட்ஸ் வேணும், பிளக் பொருந்துதேன்னு ஏமாறாதீங்க.

15 கிலோஹெர்ட்ஸ்னா ஸ்கேலர் வேணும், அதாவது பழைய சிக்னலை புது மானிட்டருக்கு ஏத்த மாதிரி பெருசாக்கிக் கொடுக்குற பாக்ஸ். அதுல ஒண்ணு ஓஎஸ்எஸ்சி, அதுல முழுப் படத்தைச் சேத்து வைக்கிற ஃபிரேம் பஃபரே இல்ல, வர்ற வரியை அப்படியே ரெண்டுல இருந்து அஞ்சு மடங்கு வரைக்கும் பெருக்கி அனுப்பிடும், டிலே இல்லன்னே சொல்லலாம், ஆனா அது தர்ற டைமிங்கை மானிட்டர் ஏத்துக்கணும், காம்போசிட்டும் (மஞ்சள் பின் வீடியோ) எடுக்காது. ரெட்ரோடிங்க் 5எக்ஸ்ங்கிற இன்னொரு ஸ்கேலர் காம்போசிட், எஸ்-வீடியோ எல்லாம் எடுக்கும், டிவிகூட மல்லுக்கட்ட வேண்டியதில்ல, விலைதான் கடிக்கும். என் ஓட்டு ஆர்ஜிபி-டு-ஹெச்டிஎம்ஐக்கு, ராஸ்பெரி பை ஜீரோ மேல ஒரு குட்டி போர்டு, பிபிசி மைக்ரோங்கிற பழைய பிரிட்டிஷ் கம்ப்யூட்டருக்காகப் பிறந்தது, டிஜிட்டல் ஆர்ஜிபி வர்ற மெஷின்ல பிக்சல் பிக்சலா எடுத்துக் கொடுக்கும், அந்த ஷார்ப்னஸ் விலை கூடின பாக்ஸ்லயும் சுலபமா வராது. சல்லிசா கிடைக்குற ஏவி-டு-ஹெச்டிஎம்ஐ டப்பா மட்டும் வேண்டாம், முழுசா வர்ற 240 வரி படத்தை (240பி), பாதிப் பாதியா வர்ற 480ஐன்னு நினைச்சு ரெண்டு பாதியை ஒட்டி (டீஇன்டர்லேஸ் பண்ணி) எழுத்தைக் குதறிடும்.

புது மானிட்டரே வாங்குற ஐடியா இருந்தா 1920×1200 தேடுங்க. பழைய மெஷினோட 200 வரி படத்தை ஆறால, 240ஐ அஞ்சால பெருக்கினா மிச்சமில்லாம திரையோட உயரம் நிறையும், 1080ல 240க்கு நாலரைன்னு வந்து நிக்கும்.