பெரிய வால்யூம் பட்டையைக் கண்டால் முதலில் காலண்டர்

வால்யூம், அதாவது ஒரு நாளில் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை, அதைப் பார்த்துப் பங்கு வாங்கி விற்பது என் பல வருடப் பழக்கம். தினசரி சார்ட், அதன் அடியில் வால்யூம் பட்டைகள், இருபது நாள் சராசரிக் கோடு, மாலையில் தேசியப் பங்குச் சந்தை (என்எஸ்இ) வெளியிடும் பாவ்காப்பி என்ற அன்றைய விலை, வால்யூம் கோப்பு. என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வால்யூம் புரொஃபைல் கொஞ்ச காலம் காசு கட்டி வைத்திருந்தேன். எந்த விலையில் அதிகம் கைமாறியது என்று அழகாகக் காட்டும். ஆனால் நான் பார்க்கும் பங்குகளில் அந்த விலை சார்ட்டை வெறுமனே பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. விட்டுவிட்டேன்.

விலை ஏறும்போது வால்யூமும் ஏற வேண்டும், பழைய தடை விலையைத் தாண்டும் பிரேக் அவுட்டுக்குச் சராசரியைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பாடம் சரி. அந்த வால்யூம் ஏன் வந்தது என்று மட்டும் யாரும் கேட்கச் சொல்வதில்லை. எனக்கு இன்று பெரிய பட்டை கண்ணில் பட்டால், முதலில் போய்ப் பார்ப்பது காலண்டரை.

பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் உலகப் பங்குக் குறியீடுகளைத் தயாரிக்கும் எம்எஸ்சிஐ தன் குறியீடுகளில் உள்ள பங்குகளை மாற்றும். மார்ச், செப்டம்பர் கடைசியில் நிஃப்டி குறியீடுகளில் மாற்றம். அதையொட்டிய வர்த்தக நாளின் இறுதியில் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டுகள் வாங்கியே ஆக வேண்டும், விற்றே ஆக வேண்டும். விலை மலிவா, அதிகமா என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை. அந்தப் பட்டையில் யாருடைய கணிப்பும் கிடையாது. புதிதாகப் பட்டியலான பங்கு என்றால் பொது வெளியீட்டுக்கு முன்பே ஒதுக்கீடு பெற்ற ஆங்கர் முதலீட்டாளர்களின் லாக்-இன், அதாவது விற்கக் கூடாத காலம், பாதிப் பங்குகளுக்கு 30 நாளில் முடியும், மீதிக்கு 90 நாளில். அதை ஒட்டி வால்யூம் வீங்குவது சகஜம். எதிர்ப்பக்கமும் உண்டு. தீபாவளி முகூர்த்த வர்த்தகம், 2024 மார்ச் 2, மே 18 சனிக்கிழமைகளில் நடந்த சிறப்பு அமர்வுகள் போன்றவை குட்டிப் பட்டைகளை விட்டுச் செல்லும். சராசரி இறங்கி, அடுத்த சாதாரண நாள் பெரிதாகத் தெரியும்.

காலண்டரில் காரணம் இல்லையென்றால் அப்புறம் பல்க் டீல் பட்டியல். ஒரு நிறுவனத்தின் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே கை வாங்கினாலோ விற்றாலோ அன்றே பெயர் வந்துவிடும். வால்யூம் பார்ப்பவர்களில் பலர் இதைத் திறப்பதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். இலவசம் வேறு.

அன்றைய வால்யூமில் எவ்வளவு அன்றே திருப்பி விற்கப்படாமல் கணக்கு மாறியது என்று சொல்லும் டெலிவரி சதவீதம் பற்றி நம் ஊரில் ஒரு மயக்கம் இருக்கிறது. 2024 ஜனவரி 16 மாலை எச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவு வந்தது. மறுநாள் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வால்யூம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. "இவ்வளவு டெலிவரி என்றால் பெரிய கை அள்ளுகிறது" என்பதுதான் அன்று மாலை பேச்சு. விற்றவர் மட்டும் சின்னக் கையா? அன்று ரொக்கச் சந்தையில் வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் நிகரமாக விற்றது 10,000 கோடி ரூபாய்க்கும் மேல். அடுத்த நாளும் பங்கு இறங்கியது, பிப்ரவரி நடுவில் 1,400க்குக் கீழே போனது. 1,700ஐ மறுபடி பார்க்க ஜூன் கடைசி ஆகிவிட்டது. அள்ளியவர்கள் நஷ்டப்படவில்லை, மறுநாளே ஏறும் என்று நம்பி தவணை முடிவுள்ள ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (எஃப் அண்ட் ஓ) ஒப்பந்தங்களில் நுழைந்தவர்கள் கதை வேறு. இப்படிப்பட்ட நாளில் அன்றைய விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கேண்டிலின் உச்சத்திலும் அடியிலும் இரண்டு கோடு போட்டு வைப்பேன். மேல் கோட்டைத் தாண்டி முடியும்வரை எனக்கு அங்கே வேலை இல்லை.

இன்று அதே சார்ட்டைத் திறந்தால் அந்த விலைகள் பாதியாகத் தெரியும். 2025 ஆகஸ்டில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசம் என்று 1:1 போனஸ் வந்தது. பழைய விலையைத் திருத்திவிட்டு வால்யூமைத் திருத்தாமல் விடும் சார்ட் செயலி ஒன்றை நான் வைத்திருந்தேன். போனஸ் கொடுத்த எந்தப் பங்கைத் திறந்தாலும் திடீரென்று கூட்டம் சேர்ந்ததுபோல் காட்டும். உங்கள் செயலியில் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

டெலிவரியில் சதவீதத்தைவிட எண்ணிக்கைதான் எனக்கு உதவுகிறது. அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே கூட்டம் குறைந்த நாளில், அதே எண்ணிக்கை டெலிவரி போனாலும் சதவீதம் உயர்ந்துவிடும். என்எஸ்இயின் பிஇ என்ற தனி வரிசைக்கு மாற்றப்பட்ட பங்கில் டெலிவரி 100 சதவீதம் என்று குதித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே இன்ட்ராடே அனுமதியே கிடையாது, வேறு எவ்வளவு இருக்கும்?

சரி, இதை வைத்து நான் எதை வாங்குகிறேன்? பெரும்பாலும் வால்யூம் வற்றும் இடத்தில். ஒரு பங்கு நல்ல வால்யூமோடு முன்பு ஏற்றத்தைத் தடுத்த பழைய ரெசிஸ்டன்ஸ் விலையைத் தாண்டுகிறது. பிறகு சில நாள் மெதுவாக அந்த விலைக்கே இறங்கி வருகிறது. இறங்கும்போது பட்டைகள் நாளுக்கு நாள் குட்டையாகி, சராசரியில் பாதிக்கும் கீழே போக வேண்டும். கேண்டில்களும் சுருங்க வேண்டும். விற்க வேண்டியவர்கள் விற்று முடித்துவிட்டார்கள் என்று அப்போதுதான் ஓரளவு நம்பலாம். முந்தைய நாள் உச்சத்தைத் தாண்டும்போது வாங்கி, இறக்கத்தின் அடிக்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தை நிறுத்த விற்று வெளியேறும் விலை. தூரம் குறைவு என்பதால் அடிபட்டாலும் சின்ன அடிதான். பிரேக் அவுட் அன்றே பாய்ந்தால் ஸ்டாப் லாஸ் எங்கோ தள்ளி நிற்கும், எனக்கு ஒத்துவரவில்லை.

வற்றுவதிலும் ஒரு விதிவிலக்கு: அன்றைக்கு அனுமதித்த உச்ச விலையான அப்பர் சர்க்யூட்டில் பூட்டிய பங்கு. வாங்க வரிசை நிற்கும், விற்க ஆள் இருக்காது, பட்டை குட்டையாகத்தான் இருக்கும். அந்தக் குட்டைப் பட்டைக்கு என் முறையில் அர்த்தம் இல்லை. அந்த வகைப் பங்குகளைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

நிஃப்டியை வால்யூம் வைத்துப் பார்க்க விரும்புவோருக்கு ஒன்று. நிஃப்டி 50 ஒரு கணக்கீடுதான், அதை யாரும் நேரடியாக வாங்கி விற்பதில்லை. ஃபியூச்சர்ஸ் சார்ட்டைப் பாருங்கள். அதிலும் ஒப்பந்தம் முடியும் மாத எக்ஸ்பைரியை ஒட்டிய சில நாட்களை விட்டுவிடுங்கள். பொசிஷனை அடுத்த மாதத்துக்கு மாற்றும் வால்யூம் அங்கே நிறைய.