எங்கள் படகின் மின் சுக்கானி: மூன்று கோடை பழகிய பிறகு

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. போன ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

சிறிய பாய்மரப் படகுகளில் கார் மாதிரி சக்கரம் இருக்காது. சுக்கானின் தலையில் ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும், டில்லர் என்பார்கள். அதை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். டில்லர் பைலட் என்பது அந்தக் கட்டையை நமக்குப் பதிலாகப் பிடித்துக்கொள்ளும் கருவி. பார்க்க ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய், முழங்கை அளவுக்குக் கொஞ்சம் கூட. ஒரு முனை உட்காரும் பலகையில் பதித்த பித்தளைக் குழியில் நிற்கும். மறுமுனையிலிருந்து வெளியே வரும் எஃகுத் தண்டு டில்லரில் உள்ள ஆணியில் மாட்டும். உள்ளே ஒரு மின் திசைகாட்டி, ஒரு மோட்டார், ஒரு பல் பெல்ட், ஒரு திருகுத் தண்டு. போக வேண்டிய திசையில் படகை வைத்து 'ஆட்டோ' பொத்தானை அமுக்கினால், படகு விலகும்போதெல்லாம் தண்டு நீண்டோ சுருங்கியோ திருப்பிக்கொண்டு வரும். தூத்துக்குடித் தோணியில் இந்த வேலை பார்ப்பவருக்கு சுக்கானி என்று பெயர். எங்கள் வீட்டில் இந்தக் குழாய்க்கும் அதே பெயர்தான்.

பிழைப்பு இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனில். படகு 26 அடி, என் வயதுதான் அதற்கும், ஹாம்பிள் ஆற்றில் நிற்கிறது. கருவியை 180 பவுண்டுக்குப் பழசாக வாங்கினேன். பிராண்ட் பெயர் போடவில்லை. ஒரே ஒரு பழைய கருவியை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட எனக்கு மனசில்லை. எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த வகைக் கருவி எதற்கும் பொருந்தும்.

முதல் கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. காற்று பத்துப் பன்னிரண்டு நாட் (மணிக்கு இருபது கிலோமீட்டர் போல) இருக்கும் நாட்களில் நான் உட்கார்ந்து தேநீர் குடித்தேன், அது ஓட்டியது. மனைவிக்கு என்னைவிட அதன் மேல் நம்பிக்கை அதிகம். "நீங்க புடிச்சா பாம்பு மாதிரி போகுது, அது புடிச்சா கோடு போட்ட மாதிரி போகுது" என்பாள். உண்மைதான்.

இரண்டாம் வருஷம் ஜூனில் எதிரே வைட் தீவில் உள்ள யார்மவுத்துக்குக் கிளம்பினோம். ஹாம்பிளிலிருந்து மேற்கே ஏறக்குறைய பதினைந்து கடல் மைல். கடல் வற்றும்போது ஓடும் நீரோட்டம் மேற்கே இழுக்கும், அதில் ஏறிப் போனால் வேகம் இலவசம். ஆனால் அன்றைக்குக் காற்று தென்மேற்கிலிருந்து. நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப் பக்கம் என்றால் தீவுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள சோலண்ட் நீரிணையில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். வழியில் உள்ள கௌஸ் ஊரைத் தாண்டியதும் சுக்கானி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மோட்டார் சத்தம் வழக்கமான 'ஜிர்... ஜிர்' இல்லை, விடாமல் ஒரே முனகல். அப்புறம் ஒரு 'பீப்', திரை வெறுமை. இரண்டு நொடியில் திரை திரும்ப வந்தது, ஆனால் 'ஸ்டாண்ட்பை' நிலையில். அதாவது நான் தூங்கப்போகிறேன், நீயே பார்த்துக்கொள்.

இதில் ஒரு வில்லங்கம். செயலிழந்தால் தண்டு தளராது, நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். திருகுத் தண்டை வெளியிலிருந்து தள்ளி நகர்த்த முடியாது. டில்லரில் அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது ஆணியிலிருந்து தூக்கி எடுக்கவும் வராது. நான் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருக்க, படகு தானாகக் காற்றுக்குள் திரும்பி, பாய் இரண்டும் படபடவென்று அடித்தது. "என்னங்க, உங்க சுக்கானி செத்துட்டான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. மிச்ச தூரம் முழுக்கக் கையால் ஓட்டினேன்.

வாங்கிய புதிதில் ஒரு சந்தேகம் கேட்க ஒரு சேவை மையத்துக்கு போன் போட்டிருந்தேன். அதே இடத்துக்கு மறுபடியும் போட்டேன். குறை என்ன என்று கேட்கக்கூட இல்லை. பழைய மாடல், பாகம் கிடையாது, புதுசு வாங்கிக்கோங்க. சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பகலில் நான் பார்ப்பது ஆலை மோட்டார் பராமரிப்பு. மல்டிமீட்டர் பையிலேயே கிடக்கும்.

பேட்டரியில் 12.6 வோல்ட். படகின் பின்பகுதியில் கருவியைச் செருகும் சாக்கெட்டில் அளந்தால் அங்கேயும் 12.5. இதோடு விட்டிருந்தால் மின்சாரம் சரி, கருவிதான் கோளாறு என்று முடிவு கட்டியிருப்பேன். பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். சும்மா இருக்கும் கம்பியில் எவ்வளவு கெட்ட இணைப்பும் நல்லபிள்ளையாகத்தான் காட்டும். டில்லரைக் கயிற்றால் கட்டி அசையாமல் வைத்து, தண்டு அதற்கு எதிராகத் தள்ளும்படி சில நொடி ஓட்டினேன். மீட்டர் மளமளவென்று இறங்கி 9.8இல் நின்றது. உடனே அதே 'பீப்', அதே வெறுமைத் திரை. கரையில் கட்டிய படகில், அமைதியான தண்ணீரில், கோளாறு கையில் அகப்பட்டுவிட்டது.

காரணம் மூன்று. முந்தைய சொந்தக்காரர் போட்டிருந்த கம்பி 0.75 சதுர மில்லிமீட்டர், ஒற்றை வழி ஏழு மீட்டர். போக வர பதினாலு மீட்டர் என்றால் அதன் தடை 0.33 ஓம், மோட்டார் திணறும்போது மூன்று ஆம்பியர் இழுத்தால் கம்பியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். இரண்டாவது, சாக்கெட். மூடியைக் கழற்றினால் உள்ளே ஊசிகள் பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்தன. அது பாசி இல்லை, களிம்பு. ஒரு ஊசி விரல் பட்டதும் உதிர்ந்தது. ஃபியூஸ் பெட்டியிலும் அதே கதை. உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இப்படி ஒரு பிளக்கைக் கொடுத்ததற்குத்தான் கருவிக்கு முதல் அரை மார்க் குறைத்தேன்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னது அப்பா. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியில் போய் வந்தவர். வீடியோ காலில் வோல்ட், ஓம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏலே, சுக்கான் ஏன் அவ்வளவு கனக்குன்னு பாத்தியா? பாயைக் கொறச்சியா?" என்றார். குறைக்கவில்லை. அந்தக் காற்றில் பெரிய பாயை ஒரு மடிப்பு சுருட்டியிருக்க வேண்டும். பாய் அதிகமானால் படகு காற்றுப் பக்கம் திரும்பத் துடிக்கும், அந்தத் துடிப்பு முழுக்க டில்லரில்தான் வந்து இறங்கும். கூடவே டேப் வைத்து அளந்தேன். இந்த வகையில் சுக்கானின் அச்சிலிருந்து டில்லர் ஆணிக்கு 46 செ.மீ., ஆணியிலிருந்து பித்தளைக் குழிக்கு 59 செ.மீ. இருக்க வேண்டும். எங்கள் படகில் ஆணி 38இல் அடித்திருந்தது. எட்டு செ.மீ.தான், ஆனால் அச்சுக்கு அவ்வளவு கிட்டே தள்ளினால் ஐந்தில் ஒரு பங்கு விசை கூட வேண்டும். விசை கூடினால் ஆம்பியர் கூடும், கம்பியில் இழப்பு கூடும். காரணம் மூன்றும் கைகோத்து நின்றிருக்கின்றன.

வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டரில் இழுத்தேன். தண்ணீர் புகாத புதுச் சாக்கெட், புது ஃபியூஸ் பெட்டி. ஆணியையும் குழியையும் சரியான இடத்துக்கு மாற்றினேன். அதே கயிற்றுச் சோதனையில் இப்போது 12க்குக் கீழே இறங்கவில்லை. செலவு 50 பவுண்டுக்குள்.

ஆனால் அடுத்த வாரமே வேறு வியாதி. இறப்பது நின்றது, குடிகாரன் மாதிரி நடக்க ஆரம்பித்தது. இருபது டிகிரி இந்தப் பக்கம், இருபது அந்தப் பக்கம். சில நாள் ஒழுங்காகப் போகும், சில நாள் இப்படி. பொத்தான்களில் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், பயனில்லை.

உள்ளே இருப்பது திசைகாட்டி அல்லவா, அதனால் பக்கத்தில் இரும்பு இருக்கிறதா என்று இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியைத் திறந்தேன். மேலாக மனைவியின் முறுக்கு டின். அதுதான் குற்றவாளி என்று நான் ஆனந்தமாக அறிவித்தேன். டின்னை எடுத்தேன், திரையில் எண் மூன்று டிகிரிதான் நகர்ந்தது. அடியில் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த புளூடூத் ஸ்பீக்கரை எடுத்ததும் சுக்கானியின் மோட்டார் சத்தம் கேட்டது. படகு கயிற்றில் கட்டி அசையாமல் நிற்கிறது, கருவி 'ஆட்டோ'வில் இருக்கிறது. ஸ்பீக்கரைக் குழாய்க்குக் கிட்டே கொண்டுபோனால் தண்டு தானாக நீள்கிறது, விலக்கினால் தானாகச் சுருங்குகிறது. மகுடிக்குப் பாம்பு ஆடுகிற மாதிரி. பத்து நிமிஷம் அதையே செய்து விளையாடினோம். ஸ்பீக்கர் என்னுடையது என்பதை இங்கே அடக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

மூன்றாவது கோளாறு இந்த வருஷம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்டு நகரவில்லை. திறப்பது எளிது, அடியில் ஆறு திருகு. மூடியைத் தூக்கியதும் ஒரு ஸ்பூன் தண்ணீர் வழிந்தது. தண்டு வெளியே வரும் வாயில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது; தண்டு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் கொஞ்சம் ஈரத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. பல் பெல்ட்டில் வரிசையாக நாலு பல் காணோம். பெல்ட்டின் அகலத்தையும் பல் எண்ணிக்கையையும் பற்களுக்கு இடையிலான தூரத்தையும் எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போனேன். 'பாகம் கிடையாது' என்ற அந்தப் பெல்ட் சில பவுண்டுக்குக் கிடைத்தது. சர்க்யூட் பலகையை முதலில் காய்ச்சி வடித்த நீரிலும் பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலிலும் கழுவிக் காயவைத்தேன். அரிசி டப்பாவில் போட்டு வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: ஈரம் கொஞ்சம் போகலாம், உப்பு அங்கேயேதான் இருக்கும். வளையத்தை மாற்றி சிலிகான் கிரீஸ் தடவி மூடினேன். நீர்புகாக் கருவி என்று விற்றுவிட்டு நீர் புகும் வாயை இப்படி விட்டதற்கு இன்னொரு மார்க்.

சரி, வாங்கலாமா? வார இறுதியில் கரையோரம் ஓட்டுபவர், இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகு என்றால் தாராளமாக. மின்சாரமும் அதிகம் தின்பதில்லை. பாயைச் சரியாகக் கட்டிய நாளில் என் மீட்டரில் சராசரி 0.6 ஆம்பியர், எட்டு மணி நேரத்துக்கு ஐந்து ஆம்பியர்-மணி கூட ஆகாது. ஆனால் அலை பின்னாலிருந்து வரும்போது இதை நம்பாதீர்கள். அமரம், அதாவது படகின் பின்புறம், தூக்கப்படுவதை நம் உடம்பு முன்கூட்டியே உணரும். கருவிக்கு அணியம், அதாவது முன்புறம், திரும்பிய பிறகுதான் தெரியும். பெருங்கடல் போகிறவர்களுக்கு இது துணைக்கு ஆகுமே தவிர முதல் சுக்கானிக்கு ஆகாது. தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயம் 2022இல் தொடங்கியபோது, அதில் இரண்டாவதாக வந்த நம் அபிலாஷ் டோமி மின் சுக்கானி இல்லாமல்தான் உலகைச் சுற்றினார். அந்தப் பந்தயத்தின் விதி மின் கருவியை விடாது, காற்றுத் தகட்டால் இயங்கும் சுக்கானிக்கு மட்டும்தான் அனுமதி.

பழசு வாங்குகிறவர்கள் தண்டின் வாயில் விரல் வைத்து ஈரம் பாருங்கள், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு ஒன்று: இவை பெரும்பாலும் படகின் வலப்புறத்துக்கென்று அமைத்து வரும். இடப்புறம் மாட்டி அமைப்பை மாற்ற மறந்தால், படகு எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே இன்னும் தள்ளும். பக்கத்துப் படகுக்காரர் ஒரு மணி நேரம் வட்டமடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

என் கருவியில் இன்னும் ஒரு குறை பாக்கி. 'பத்து டிகிரி வலது' பொத்தானை இரண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் படகைக் கரையேற்றும்போது பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன். முறுக்கு டின் இப்போது அணியத்தில் நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில். மூன்று டிகிரிதானே, கிட்டேயே இருக்கட்டும் என்றேன், மனைவி சம்மதிக்கவில்லை.