மாடலரா, இன்டர்ஃபேஸா: வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் பதிய எதை முதலில் வாங்கலாம்?

ஆம்பைச் சத்தமாக வைத்து அதன்முன் மைக் நிறுத்திப் பதிய எல்லா வீட்டிலும் முடியாது. அதனால் காசை ஆம்ப் மாடலரில் (ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கும் பெட்டி) போடுவதா, ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போடுவதா என்ற கேள்வி வருகிறது. பொதுவாகப் பேசிக்கொண்டே போகாமல் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம்: லைன் 6 நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் ஒருபுறம், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, கூடவே கணினியில் ஓடும் ஆம்ப் ப்ளக்இன் (ஆம்ப் போல ஒலிக்கும் மென்பொருள்) மறுபுறம்.

ஸ்டாம்ப்பில் ஆம்ப், கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி), எஃபெக்ட் எல்லாவற்றையும் பெட்டிக்குள் இருக்கும் சிப்பே பார்த்துக்கொள்ளும். யூஎஸ்பி கேபிளைச் செருகினால் அதுவே இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். ஸ்கார்லெட்டின் வேலை, கிட்டார் சிக்னலை டிஜிட்டலாக மாற்றிக் கணினிக்குத் தருவதும் திரும்பி வருவதை ஹெட்போனுக்கு அனுப்புவதும்தான். டோனை உருவாக்குவது லேப்டாப்பின் பிராசஸர்.

வாசிக்க உட்கார்ந்ததும் கையில் தெரியும் வித்தியாசம் லேட்டன்சி, அதாவது தந்தியைத் தட்டுவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டை, 128 சாம்பிள் என்று வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட். உள்ளே, வெளியே, டிரைவர், கன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து பத்தை ஒட்டி வரலாம். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 செ.மீ. போகிறது; ஆகவே பத்து என்பது ஆம்பிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது மாதிரி. பெரும்பாலோருக்கு அது தொந்தரவில்லை. பழைய லேப்டாப்பில் 128 வைத்தால் ஒலி டிக் டிக்கென்று வெடிக்கும். 512-க்கு ஏற்றினால் மொத்தத் தாமதம் இருபதைத் தாண்டி, பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிப்பது) ரிதம் விரலைவிட்டு நழுவும். இந்த இடத்தில் ஸ்டாம்ப் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. அதன் ஹெட்போன் துளையிலேயே கேட்டு வாசிக்கலாம், கணினி குறுக்கே வராது.

ஸ்கார்லெட்டில் டைரக்ட் மானிட்டர் இருக்கிறதே என்பார்கள். அதில் கேட்பது ப்ளக்இன்னுக்குள் போகாத வெறும் கிட்டார். அதையும் ப்ளக்இன்னையும் சேர்த்து ஓடவிட்டால் ஒரே நோட்டு இரண்டாகக் கேட்கும். டிஸ்டார்ஷனோடு வாசிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

ஆனாலும் வீட்டுப் பதிவுக்கு லேட்டன்சியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டிரை சிக்னல், அதாவது எந்த எஃபெக்டும் படாத கிட்டார் ஒலி. ஸ்கார்லெட் வழியில் டிராக்கில் விழுவதே அதுதான். இன்றைக்கு வாசித்ததற்கு அடுத்த மாதம் வேறு ஆம்ப் போடலாம், கெயினை, அதாவது டிஸ்டார்ஷன் அளவை, பாதியாகக் குறைக்கலாம். ஸ்டாம்ப்பில் பலரும் யூஎஸ்பி 1/2-ஐ, அதாவது எஃபெக்ட் ஏறிய சேனல்களை, மட்டும் பதிகிறார்கள். டோன் அப்படியே உறைந்துவிடுகிறது. தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருந்த கெயின், பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் வெறும் இரைச்சலாகிவிடும். அப்போது மறுபடி வாசிப்பதைத் தவிர வழியில்லை. இத்தனைக்கும் ஸ்டாம்ப் டிரை சிக்னலை யூஎஸ்பி 5/6-இல் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. கூட ஒரு டிராக் திறந்து அதையும் பதிந்துவிட்டால், பிறகு பெட்டிக்கே திருப்பி அனுப்பி ரீஆம்ப் செய்யலாம், அதாவது வேறு டோன் ஏற்றிப் பதியலாம். மாடலர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றே செய்ய வேண்டிய வேலை இது.

இன்டர்ஃபேஸில் கவனிக்க வேண்டியது இன்ஸ்ட் (இன்ஸ்ட்ருமென்ட்) பட்டன். சாதாரண பாசிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப்புக்கு இன்புட்டில் சுமார் ஒரு மெகாஓம் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) தேவை. லைன் இன்புட் அதைவிடப் பல மடங்கு குறைவு. பட்டனைப் போடாமல் பதிந்தால் டிரெபிள் செத்து, கம்பளி போர்த்தியது போல் கேட்கும். அதைப் பின்னால் ஈக்யூ வைத்து மீட்பது கடினம். இன்புட் கெயினையும் ஏற்றிவிடாதீர்கள். ப்ளக்இன் ஆம்ப் எவ்வளவு கிழிய வேண்டும் என்பது உள்ளே வரும் லெவலைப் பொறுத்தது. உச்சத்தில் மைனஸ் 12 டிபி தொட்டால் போதும்.

சிங்கிள் காயில் பிக்கப்பில் வரும் ஹம்முக்கு (மின் உறுமல்) இரண்டு பெட்டியும் ஒன்றுதான். கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியை மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று அடங்கும். அங்கேயே உட்கார்ந்து வாசியுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் குறைகிறதா என்றும் பாருங்கள்.

டோன் தரத்தில் இன்று எது மேல் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. மிக்ஸில் வைத்தபிறகு ஆம்ப் மாடலைவிட கேபினெட் ஐஆர்தான் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்த ஃபைல்) ஒலியை அதிகம் மாற்றுகிறது. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ப்ளக்இன் இலவசம், ஓப்பன் சோர்ஸ். நிஜ ஆம்ப்களைப் பிடித்த கேப்சர் ஃபைல்களும் பயனர்கள் பகிர்ந்தவை ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆம்ப் ஹெட்டை மட்டும் பிடித்த ஃபைல் என்றால் ஐஆரைத் தனியாக ஏற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு ஈ மொய்ப்பது போல் கேட்கிறது என்று பலர் அழித்துவிடுகிறார்கள்.

விலை என்று பார்த்தால் ஸ்டாம்ப் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதில் எக்ஸ்எல்ஆர் மைக் இன்புட்டும் கிடையாது. பாடுபவர், அக்கூஸ்டிக்குக்கு மைக் வைப்பவர் என்றால் இரண்டு மைக் ப்ரீஆம்பும் 48 வோல்ட் ஃபேன்டமும் (கண்டென்சர் மைக்குக்கான மின்சாரம்) உள்ள ஸ்கார்லெட்டையே முதலில் வாங்குங்கள் என்பேன். மேடைக்கும் போகிறீர்கள், லேப்டாப் பலவீனம், வேலை முடிந்து வந்து மறுபடி திரை பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஸ்டாம்ப். 2018-இல் வந்த பெட்டி அது. ஒரே சமயத்தில் போடக்கூடிய ஆம்ப், எஃபெக்ட் பிளாக்குகள் ஆறாக இருந்தன; அந்த எண்ணிக்கையை ஃபர்ம்வேர் 3.0 இலவசமாகவே எட்டாக்கியது.

இரண்டும் கைக்கு வந்துவிட்டால் ஒரு சிக்கல்: விண்டோஸில் ரெக்கார்டிங் மென்பொருள்கள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ஏஎஸ்ஐஓ (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ) டிரைவரைத்தான் எடுத்துக்கொள்ளும். குரலும் கிட்டாரும் சேர்த்துப் பதிய, ஸ்டாம்ப்பின் அவுட்புட்டை லைன் லெவலில் வைத்து ஸ்கார்லெட்டில் செருகுங்கள். அப்போது மட்டும் இன்ஸ்ட் பட்டன் அணைந்திருக்க வேண்டும்.