நோஜிமா நிலப்பிளவு அருங்காட்சியகம்: கோபே போனால் கட்டாயம் பாருங்கள்

ஜப்பானில் கோபே பக்கம் போகிறவர்கள் பாலம் தாண்டி அவாஜி தீவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46-க்கு வந்த நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்களே, அன்று தரை கிழிந்த நிலப்பிளவை இங்கே 140 மீட்டர் நீளத்துக்கு அப்படியே கூரை போட்டுக் காத்து வைத்திருக்கிறார்கள். நேராக வந்த வாய்க்காலும் வேலிச்செடியும் சட்டென்று வலப்பக்கம் விலகி நிற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது உள்ளே தோண்டி வைத்திருக்கும் குழிதான். பிளவுக்குக் குறுக்கே வெட்டியிருப்பதால் மண் அடுக்குகள் வரிவரியாகத் தெரிகின்றன. எந்த அடுக்கு வரை அறுந்திருக்கிறது, அதன்மேல் எது அறுபடாமல் படிந்திருக்கிறது என்று பார்த்து, இரண்டிலும் கிடைக்கும் கரித்துண்டுகளின் வயதைக் கார்பன் முறையில் கணித்தால், பழைய நிலநடுக்கம் எந்தக் காலத்துக்குள் வந்தது என்று சொல்லிவிடலாம். இந்தப் பிளவு 1995-க்கு முன் கடைசியாக அசைந்தது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு! சங்க காலம் என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

குலுக்கிக் காட்டும் அறையும் உண்டு, சரி, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் குழியருகே அரை மணி நேரமாவது நில்லுங்கள். அப்புறம் ஒட்டியுள்ள வீட்டுக்குப் போங்கள், பிளவு அதன் மதிலையே இழுத்து நகர்த்தியிருக்கிறது, வீடு மட்டும் விழவில்லை.