கடல் ஜன்னலில் வேண்டுமா, நடக்கிற தூரத்தில் வேண்டுமா?

கடலோரப் பெருநகரத்துக்குக் குடிபோவது என்று முடிவானதும் முதலில் வருகிற ஆசை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த ஆசைக்காகக் கரையை ஒட்டிய முதல் வரிசைக் கட்டடம் ஒன்றில் மூன்று வருடம் குடியிருந்தேன், அப்புறம் அதே நகரத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மேட்டுப் பகுதிக்கு மாறினேன். இரண்டிலும் வாழ்ந்து பார்த்தபின் என் முடிவு இது: தண்ணீர் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கிற தூரத்தில் இருக்கட்டும், வாசலிலேயே வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு, இப்படிப்பட்ட நகரங்களில் வீடு தேடுகிறவர் முன்னால் வழக்கமாக வந்து நிற்கிற பகுதி வகைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

முதல் வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். அதன் நல்லது உண்மையிலேயே பெரிய நல்லது. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது, மேலே எழும்புகிற சூட்டுக் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, அது முதலில் தொடுவது கரையோர வீடுகளைத்தான். நடுப்பகலில் நகரத்தின் உட்பகுதி வெந்துகொண்டிருக்கும்போது இங்கே காற்றாடி போதும் என்று இருக்கும். காலையில் எழுந்ததும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எந்தச் சுவரும் இல்லாமல் இருப்பது மனதுக்கு என்ன செய்யும் என்பதை அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே காற்று உப்பையும் கொண்டுவருகிறது. நான் போன முதல் வருடம் கதவுக் கீல்கள் துருப்பிடித்தன, இரண்டாம் வருடம் ஏசியின் வெளி யூனிட்டில் இருக்கும் மெல்லிய தகடுகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன, மூன்றாம் வருடம் பால்கனியின் அடிப்பக்கத்தில் கான்கிரீட் வெடித்துக் கம்பி வெளியே தெரிந்தது. கடைசியாகச் சொன்னதுதான் பயப்பட வேண்டியது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் உள்ளேயிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். வெளியே வெள்ளையடித்துவிட்டால் கொஞ்ச நாளைக்குத் தெரியாது. கைப்பிடிக் கம்பிக்குச் சாதாரண 304 ரக எவர்சில்வர் போட்டிருக்கிறார்களா, மாலிப்டினம் கலந்த 316 ரகமா என்பதைக் கேளுங்கள், அதை வைத்தே கட்டியவர் கடலை மனதில் வைத்துக் கட்டினாரா என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நல்ல செய்தி, காற்றில் வரும் உப்பின் பெரும்பங்கு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடுகிறது. இரண்டு மூன்று தெரு தள்ளிப் போனாலே இந்தச் செலவு வெகுவாகக் குறைகிறது, காற்று அவ்வளவாகக் குறைவதில்லை. நான் இரண்டாம் வரிசையின் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மாடியில் இருந்தால் வெள்ளம் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் வந்தபோது மன்ஹாட்டன் தென்முனையிலுள்ள அளவுகோலில் தண்ணீர், கடல் வழக்கமாக வற்றி இறங்கும் தாழ்வோத மட்டத்துக்கு மேல் 14 அடியைத் தொட்டது. உயரமான கட்டடங்களில் மேல்மாடிகளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையவில்லை. ஆனால் மின்பலகையும் மோட்டாரும் அடித்தளத்தில் இருந்த இடங்களில் லிஃப்ட் நின்றது, குழாயில் தண்ணீர் நின்றது, வயதானவர்கள் இருட்டுப் படிக்கட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டார்கள். ஆகவே நீங்கள் எத்தனையாவது மாடி என்பதைவிட, கட்டடத்தின் மின்பலகை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது முக்கியம்.

இரண்டாவது வகை, கடலிலோ ஏரியிலோ சதுப்பிலோ மண் நிரப்பி உண்டாக்கிய புதுப்பகுதி. அகலமான சாலை, புது வடிகால், நடைபாதை, எல்லாம் கண்ணைப் பறிக்கும். விளம்பரங்களிலும் அதிகம் வருவது இதுதான். இங்கே பார்க்க வேண்டியது தரைக்கு மேலே எதுவும் இல்லை, கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான். சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் ஒரு பங்கு 1915 கண்காட்சிக்காக நீர்நிலையைத் தூர்த்து உண்டாக்கிய தரை. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தின் மையம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் அங்கே நிரப்பிய மண் குழம்பாகி வீடுகள் சாய்ந்தன, பாறை மேல் இருந்த பக்கத்து மேடுகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. டோக்கியோ விரிகுடாவை ஒட்டிய உராயாசுவில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் நடந்தது இன்னும் நல்ல பாடம்: ஆழமாகப் பைல், அதாவது அடித்தளத் தூண்கள், இறக்கிய உயர்ந்த கட்டடங்கள் நின்றன, சிறிய வீடுகள் சாய்ந்தன, பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுத் தொட்டிகள் தரையைப் பிளந்துகொண்டு மேலே எழும்பின. கட்டடம் தப்பித்தாலும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் உடைந்துவிட்டால் அந்த வீட்டில் இருக்க முடியாது.

நிலநடுக்கம் வராத ஊரிலும் நிரப்பிய மண் வருடக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே போகும். பைல் மேல் நிற்கும் கட்டடம் அப்படியே இருக்க, சுற்றியிருக்கும் நடைபாதை மட்டும் கீழே இறங்கி, வாசலில் புதிதாக ஒரு படி முளைத்திருக்கும். வீடு பார்க்கப் போகும்போது அந்தப் படியைத் தேடுங்கள். அதற்காக இந்த வகையை முழுதாக ஒதுக்கச் சொல்லவில்லை, சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஹாம்பர்க் நகரில் 1962 பிப்ரவரி வெள்ளத்தில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே நகரம் பழைய துறைமுக நிலத்தில் ஹாஃபன்சிட்டி பகுதியைக் கட்டியபோது கட்டடங்களையும் சாலைகளையும் கடல்மட்டத்துக்கு மேல் எட்டு மீட்டர் அளவுக்கு உயர்த்தி வைத்தது, கீழே தண்ணீரோரம் உள்ள நடைபாதை மட்டும் முழுகலாம் என்று விட்டுவைத்தது. எது முழுகும், எது முழுகக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்துக் கட்டிய இடத்தில் நான் தயங்காமல் குடியிருப்பேன்.

பழைய துறைமுகப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழங்கிடங்குகளை வீடாக்கியிருப்பார்கள், கூரை உயரம், சுவர் கனம், நகர மையம் பக்கம். ஆனால் துறைமுகம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இரவெல்லாம் கண்டெய்னர் லாரி ஓடும், கப்பல் புகை வரும். 2020-லிருந்து கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக அளவில் விதி வந்தபின் புகை முன்புபோல இல்லை, இருந்தாலும் ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கமே வேண்டாம் என்பேன்.

மேட்டுப் பகுதி என் கட்சி, அதனால் அதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறி இறங்க வேண்டும். தினமும். மளிகைப் பையோடு, குழந்தை வண்டியோடு, மழையில், முழங்கால் வலியோடு. வீடு பார்க்கப் போகும்போது காரில் போய் இறங்கினால் இது தெரியவே தெரியாது. ஹாங்காங்கின் மிட்லெவல்ஸ் சரிவில் 1993-ல் ஏறக்குறைய 800 மீட்டர் நீளத்துக்கு நகரும் படிக்கட்டுகளே போட வேண்டியிருந்தது. ஏற்றம் சுமார் 135 மீட்டர், காலையில் வேலைக்கு இறங்குகிறவர்களுக்காகக் கீழ்நோக்கி ஓடும், பத்து மணிக்குப் பிறகு நள்ளிரவு வரை மேல்நோக்கி ஓடும். அப்படி ஒரு வசதி இல்லாத மேட்டில் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதுதான் உங்கள் வாழ்க்கையின் தரம். அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் மேட்டின் பக்கம்தான்: காற்று வருகிறது, உப்பு குறைவு, தண்ணீர் தேங்காது, சில இடங்களில் கீழே இருப்பவர்களைவிட நல்ல காட்சிகூடக் கிடைக்கும். ஒன்று மட்டும், செங்குத்தான சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய இடமானால் தாங்குசுவரைப் போய்ப் பாருங்கள். அதில் நீர் வடியும் துளைகள் அடைத்திருந்தாலோ சுவர் முன்னுக்கு வயிறு தள்ளி நின்றாலோ வேறு இடம் பார்த்துவிடுங்கள்.

எதிர்க்கரை என்று ஒன்று இருக்கிறது, விரிகுடாவுக்கோ ஆற்றுக்கோ அந்தப் பக்கம், படகில் வந்து போகிற பகுதி. வாடகை பெரும்பாலும் இறங்கித்தான் இருக்கும். தினமும் இருபது நிமிடம் தண்ணீர் மேல் உட்கார்ந்து போவது ரயில் நெரிசலோடு ஒப்பிட முடியாத சுகம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் படகு 25 நிமிடத்தில் கடக்கிறது, 1997-லிருந்து கட்டணமே இல்லை, இரவு முழுக்க ஓடுகிறது. வான்கூவரில் பன்னிரண்டு நிமிடம்தான். ஆனால் எல்லாப் படகும் இரவு முழுக்க ஓடுவதில்லை. இஸ்தான்புல்லில் லோடோஸ் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், சிட்னியின் மேன்லி படகும் அலை பெரிதானால் நின்றுவிடும். அதனால் எதிர்க்கரையில் வீடு எடுக்கும் முன் ஒரே கேள்வி: படகு நின்ற அன்று வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சுற்றிப் போகப் பாலமோ சுரங்க ரயிலோ இருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் தாராளமாக எடுக்கலாம். ஒரே ஒரு பாலம், அதுவும் நகரம் முழுக்க அதை நம்பி என்றால், மருத்துவமனை எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக உட்பகுதி. கடலிலிருந்து தள்ளிப் போய்விட்டால் வெள்ள பயம் இல்லை என்று நம்பித்தான் பலர் அங்கே வாங்குகிறார்கள், எனக்கு இந்த அலசலில் மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது, கடல் ஏற்றம் (ஓதம்) உச்சத்தில் இருந்த நேரத்தில் வடிகால்களில் இருந்து கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது, மிட்டி ஆற்றை ஒட்டிய குர்லா, கலினா பகுதிகள் முழுகின. கடல்முனையில் இருக்கும் கொலாபாவில் அதே நாளில் 100 மி.மீ.கூடப் பெய்யவில்லை. நியூ ஆர்லியன்ஸ் இதைவிடத் தெளிவான உதாரணம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது நகரத்தில் சுமார் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது, ஆனால் ஆற்றங்கரையிலேயே இருக்கும் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு பெரும்பாலும் தப்பித்தது. காரணம், மிசிசிப்பி ஆறு ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பெருக்கெடுத்து வண்டலைத் தன் கரையிலேயே கொட்டி மேடாக்கியிருந்தது, 1718-ல் ஊரைத் தொடங்கியவர்கள் அந்த மேட்டில் கட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் உள்ளே இருந்த சதுப்பை வடித்துக் கட்டினார்கள். ஆக, தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பார்க்காதீர்கள், எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் வீடு தேடினால்கூடப் போதும்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லுவதில்லை. கரையில் இருக்கிற வீட்டுக்கு உலகம் பாதி வட்டம்தான். உள்ளே இருக்கும் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் நான்கு பக்கமும் கடை, பள்ளி, மருந்தகம், பேருந்து வரும், கரையில் போட்டால் பாதி தண்ணீர். அதனாலேயே முதல் வரிசையில் பேருந்து வழித்தடங்கள் குறைவு, வெளியே போகும் சாலைகளும் ஒன்றோ இரண்டோ, விடுமுறை நாளில் கரைக்கு வரும் கூட்டம் அதே ஒன்றிரண்டு சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். நான் இருந்த மூன்று வருடமும் ஞாயிறு மாலையில் வெளியே போய்த் திரும்பியதே குறைவு.

சரி, யாருக்கு எது? தனியாள், இரண்டு மூன்று வருடம்தான் இருக்கப் போகிறார், வாடகைக்கு என்றால் முதல் வரிசையில் ஆசை தீர இருந்துவிட்டு வரட்டும், துருவின் செலவு வீட்டுக்காரருடையது. சொந்தமாக வாங்குகிறவர் கணக்கு வேறு, கடன் முடிவதற்கே இருபது முப்பது வருடம் ஆகிவிடும். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, வேகம் கூடிக்கொண்டே வருகிறது, ஆகவே வாங்குகிறவருக்கு இரண்டாம் வரிசை மேட்டைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். வயதானவர்கள் இருக்கிற குடும்பத்துக்கு மேடும் வேண்டும், ஆனால் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை சமதளமாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு தெரு கிடைக்க நாளாகும், தேடுங்கள். படகுப் பயணம் பிடித்த, இரவு வேலை இல்லாத தம்பதிக்கு எதிர்க்கரை.

பிடித்த பகுதி கிடைத்ததும் முன்பணம் கொடுக்கும் முன் மூன்று முறை போய்ப் பாருங்கள். ஒன்று, வேலைநாள் காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில் போய்ப் பார்க்க. இரண்டு, இரவு பதினொரு மணிக்குச் சத்தம் கேட்க. மூன்று, அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டிய நாளில், கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள். அந்த நேரத்தில் மழைநீர் வடிகாலின் மூடி வழியாகத் தண்ணீர் மேலே எட்டிப் பார்த்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. அப்படி இல்லையென்றால், தெருவில் வருடக்கணக்காகத் தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவர் யாராவது ஒருவரிடம் போய், சரக்கை எந்தத் தட்டுக்கு மேலே அடுக்குவீர்கள் என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் கையை நீட்டிக் காட்டுவார், சுவரில், இந்த உயரம் வரை என்று.