கெண்டைக்கால் பிடிப்பு: சுவரா, மாத்திரையா, கொய்னாவா?

ராத்திரி இரண்டு, இரண்டரை மணி இருக்கும். தூக்கத்தில் காலை லேசாக நீட்டுவோம், பாதம் கீழ்ப்பக்கமாக வளையும், அவ்வளவுதான், கெண்டைச் சதை கல்லாக இறுகி மேலே ஏறிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஒரு முண்டு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வலி விட்ட பிறகும் அந்த இடம் மறுநாள் முழுக்கக் கன்றிப்போய் இருக்கும். இது வராதவர்களிடம் சொன்னால் ‘கால் மரத்துப்போச்சா?’ என்று கேட்பார்கள். அது வேறு, இது வேறு.

எனக்கு நாலு வருஷமாக இருக்கிறது. முதலில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அப்புறம் வாரத்துக்கு நாலைந்து. ஒரு ராத்திரி மூன்று தடவை பிடித்தது. விடிந்ததும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்கினேன். அன்றைக்குத்தான் இதை இனிமேல் விடக்கூடாது என்று முடிவு செய்து, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். பெரும்பாலும் பேச்சு வருவது மூன்றைப் பற்றி: படுக்கும் முன் சுவரில் சாய்ந்து சதையை இழுத்துவிடும் பயிற்சி, மெக்னீசியம் மாத்திரை, குயினைன் என்கிற மலேரியா மருந்து. முதல் இரண்டையும் நானே செய்து பார்த்தேன். மூன்றாவதை என் சித்தப்பா எடுத்தபோது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நான் சாய்வது பயிற்சியின் பக்கம், அதாவது சுவரின் பக்கம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டே மற்றதைப் படியுங்கள்.

தண்ணீர் போதுமான அளவு குடிப்பது, வெந்நீர் ஒத்தடம், போர்வையைக் காலடியில் இறுக்கிச் செருகாமல் தளர்வாக விடுவது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்யுங்கள், கெடுதல் இல்லை. எனக்கு இவை மட்டும் போதவில்லை.

எந்த வழிக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுவது. கனடாவில் 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சில வகை நீர் மாத்திரைகளையும், ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்ஹேலர்களையும் தொடங்கியவர்கள் அதற்குப் பிறகு கால் பிடிப்புக்கென்று குயினைன் வாங்குவது கூடியிருந்தது. மருந்துதான் காரணம் என்றால் சுவரில் சாய்ந்து என்ன பயன்? அதேபோல், ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நடந்தால் கெண்டை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். வலியே இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போலத் தோன்றுவது இன்னொரு கோளாறு. இவை எதுவும் நான் சொல்ல வருகிற பிடிப்பு இல்லை.

சரி, மெக்னீசியம். யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற யோசனை இதுதான், நானும் முதலில் இதைத்தான் எடுத்தேன். தொடங்கும் முன்னால் ஒரு மாதம் நோட்டில் குறித்து வைத்தேன்: 18 தடவை. மாத்திரை எடுத்த மாதம் 11. ஆஹா, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாதம் வயிறு சரியில்லாமல் போய் நிறுத்திவிட்டேன் (மெக்னீசியத்துக்கு வயிற்றுப்போக்கு சகஜம்), அந்த மாதமும் 12தான். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பிடிப்பு தானாகவே கூடும், தானாகவே குறையும். மிகவும் மோசமாக இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடிப் போகிறோம். அதற்கு அப்புறம் எப்படியும் கொஞ்சம் இறங்கும், இறங்கியதை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இது என் நோட்டுக் கதை மட்டும் இல்லை. இஸ்ரேலில் 94 பேரை வைத்து நடத்திய சோதனை 2017-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மெக்னீசியம் ஆக்சைடு, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. நாலு வாரத்தில் மெக்னீசியம் எடுத்தவர்களுக்கு வாரத்துக்கு மூன்றுக்கும் சற்று அதிகமாகப் பிடிப்பு குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது! 2020-இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, வயதானவர்களுக்கு இதனால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்தது. கர்ப்பிணிகள் விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்பதுதான் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மெக்னீசியத்தைத் தாங்களாக எடுக்கவே கூடாது, உடம்பில் தேங்கிவிடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

குயினைன், பழைய ஆட்கள் கொய்னா என்பார்கள், மலேரியாவுக்கான மருந்து. நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்த மூன்றில் சோதனைகளில் தெளிவாக வேலை செய்ததாகத் தெரிவது இதுதான். இரண்டு வார அளவில் பிடிப்பின் எண்ணிக்கையைக் கால் பங்குக்குச் சற்று மேல் குறைக்கிறது. ஆனால் சிலருக்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைத் திடீரென்று விழவைக்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், காதில் இரைச்சல் வரும். தட்டணு விழுவது யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கால் பிடிப்புக்கென்று இதைச் சீட்டில்லாமல் விற்பதை 1994-இலேயே நிறுத்தியது, 2010-இல் மறுபடியும் எச்சரித்தது. பிரிட்டனிலும் அதே ஆண்டு, வழக்கமான சிகிச்சையாக இதைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். சித்தப்பாவுக்கு வலி குறைந்தது உண்மை. பத்து நாளில் காதுக்குள் ‘ஙொய்’ என்று கேட்கத் தொடங்கி, மருத்துவர் நிறுத்தச் சொன்னதும் உண்மை. மாத்திரை வேண்டாம், டானிக் வாட்டர் (குயினைன் கலந்த கசப்புச் சோடா) குடித்தால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி அதில் லிட்டருக்குச் சுமார் 83 மில்லிகிராம் குயினைனுக்கு மேல் இருக்கக் கூடாது, மாத்திரையின் அளவு 200 மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறது, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி சுவர். செய்முறை சின்னது, ஆனால் இரண்டு இடத்தில் எல்லோரும் தவறவிடுகிறார்கள், நானும் தவறவிட்டேன். சுவருக்கு எதிரே ஒரு கை நீளத் தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, அந்த முழங்காலை மடக்காமல் உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். பின்காலின் குதிகால் தரையை விட்டுக் கிளம்பவே கூடாது. இது முதல் இடம். குதிகால் ஒரு விரற்கடை தூக்கினாலும் சதை இழுபடாது, சும்மா சாய்ந்து நிற்கிறோம், அவ்வளவுதான். இரண்டாவது, பாதம் நேராகச் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். நமக்குத் தெரியாமலே பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், இழுப்பு உள்ளோரமாக நழுவிவிடும். சரியாக நின்றால் முழங்காலுக்குக் கீழே, கெண்டையின் நடுவில் ஒரு இதமான இழுப்பு தெரியும். வலி தெரிந்தால் அதிகமாகச் சாய்ந்துவிட்டோம் என்று அர்த்தம். பத்து வினாடி அப்படியே நின்று, பத்து வினாடி தளர்த்தி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அதையே இன்னொரு முறை செய்வேன், அப்போது உள்ளே இருக்கிற அடிச்சதை இழுபடும். கடைசியாக, தொடையின் பின்சதைக்கு, ஒரு தாழ்ந்த முக்காலியில் குதிகாலை வைத்து இடுப்பிலிருந்து முன்னால் குனிவது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம்.

ஏன் இது வேலை செய்ய வேண்டும்? படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கி வளைந்தே கிடக்கிறது, கெண்டைச் சதை சுருங்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் இருக்கிறது. அந்த நேரத்தில் நரம்பு தேவையில்லாமல் ஒரு உத்தரவு அனுப்பினால், ஏற்கெனவே சுருங்கிய சதைக்கு இன்னும் சுருங்குவதைத் தவிர வழியில்லை, முறுக்கிக்கொள்கிறது. வயது ஏற ஏற சதையும் தசைநாரும் குறுகிக்கொண்டும் வருகின்றன. நீட்டிவிடுவது இந்தக் கணக்குக்கு எதிர்க்கணக்கு.

நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து, 2012-இல் வெளியான சோதனையில், ஆறு வாரம் படுக்கும் முன் இப்படிச் செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட ஒரு ராத்திரிக்குச் சராசரியாக 1.2 பிடிப்பு குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. எதிர்ப்பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்: 2005-இல் பிரிட்டனில் குயினைன் எடுத்துவந்த முதியவர்களிடம் நடத்திய சோதனையில் கெண்டைப் பயிற்சியால் பலன் தெரியவில்லை. அதோடு, நெதர்லாந்து சோதனையில் யார் பயிற்சி செய்கிறார்கள் என்பதை மறைக்க முடியாது, வெற்று மாத்திரை மாதிரி வெற்றுச் சுவர் கிடையாதே. ஆக, ஆதாரம் இரும்புக்கோட்டை இல்லை.

பின்னே ஏன் சுவர்? எனக்கு முடிவை எடுத்துக்கொடுத்தது ஒரே ஒரு கேள்வி: இதை எத்தனை வருஷம் செய்ய முடியும்? இந்தப் பிடிப்பு காய்ச்சல் மாதிரி ஒரு வாரத்தில் வந்து போவது இல்லை. ஐம்பதில் தொடங்கினால் எழுபதிலும் இருக்கலாம். அப்படியானால் நான் எடுக்கும் வழி இருபது வருஷம் என்னோடு இருக்க வேண்டும். இருபது வருஷத்துக்குக் குயினைன் எடுப்பதை யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு மாதமும் அந்தத் தட்டணு ஆபத்தோடு. மெக்னீசியம் அந்த அளவுக்கு ஆபத்தானது இல்லை, ஆனால் நாளைக்கே சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தால், புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்தால், கணக்கு மாறிவிடும், ஒவ்வொரு தடவையும் மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவர் எந்த மருந்தோடும் சண்டை போடாது. வேலை செய்யாவிட்டால்கூட நஷ்டம் ஐந்து நிமிஷம்தான், கூடவே கணுக்கால் கொஞ்சம் இளகும்.

ஆனால் சுவருக்கும் ஒரு பராமரிப்பு உண்டு, விட்டால் போச்சு. என் நோட்டில் முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை, பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். முதல் மாதம் முடிவில் 7, அடுத்த மாதங்களில் 3, 4, 2. தானாகக் குறைந்ததோ என்ற சந்தேகம் எனக்கே இருந்தது, மெக்னீசியத்தில் ஏமாந்தவனாயிற்றே. பிறகு ஒரு பயணத்தில் ஒன்பது நாள் விட்டுவிட்டேன், அந்த ஒன்பது நாளில் நாலு தடவை. மறுபடி தொடங்கினேன், மறுபடி இறங்கியது. ஒரு ஆள், ஒரு நோட்டு, இதை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத மாட்டேன், ஆனால் எனக்கு அது போதும். விடாமல் இருப்பதற்கு நான் செய்தது, பல் தேய்ப்பதோடு இதைக் கோத்துவிட்டேன். பிரஷ்ஷை வைத்ததும் அதே சுவர்தான்.

இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நடுராத்திரியில் பிடிக்கும்போது செய்ய வேண்டியதும் இதே அசைவுதான்: முழங்காலை நீட்டி, கால் விரல்களை முழங்காலைப் பார்த்து மேலே இழுப்பது, முடிந்தால் எழுந்து குதிகாலைத் தரையில் ஊன்றி நிற்பது. முன்பெல்லாம் வலியில் காலைக் கையால் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவேன், அது நிமிஷக்கணக்கில் நீளும். இப்போது கண் திறக்கும் முன்னாலேயே பாதம் மேலே மடங்கிவிடுகிறது, உடம்பு பழகிவிட்டது.

வைட்டமின் கே2 பற்றிக் கேட்கிறார்கள். 2024-இல் சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 199 பேரிடம் எட்டு வாரம் நடத்திய சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. நான் எடுத்ததில்லை, ஒரே ஒரு சோதனையை வைத்து எடுக்கச் சொல்லவும் மாட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது அந்த மருந்தின் வேலையையே கெடுத்துவிடும், தொடவே கூடாது.

என் அம்மா அந்த வார்ஃபரின் எடுப்பவர்தான். வயது 78, அவருக்கும் பிடிப்பு உண்டு, குயினைன் பேச்சுக்கே இடமில்லை, சுவர் முன்னால் சாய்ந்து நிற்கச் சொல்ல எனக்குப் பயம். அதனால் கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி இரண்டு முனையையும் தன் பக்கம் இழுக்கிறார். மூன்று வாரம்தான் ஆகிறது, ஐந்து தடவை வந்திருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை என்று எண்ணி வைக்காமல் போய்விட்டோம், ஆகவே குறைந்திருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. துண்டு இப்போது தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பிடித்தபோது என்னைக் கூப்பிடாமல் அதையே எடுத்து மாட்டி இழுத்துக்கொண்டாராம், காலையில்தான் சொன்னார்.