எழுதக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சி: மூன்று நாள் பட்டறையா, பதினைந்து நாளுக்கு ஒரு கூடுகையா?

எங்கள் மொழித்துறையில் ஒன்பது ஆசிரியர்கள். மாணவர்களுக்குக் கட்டுரை எழுத வரவில்லை என்ற குறை எல்லோருக்கும் இருந்தது. ஆண்டுப் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரத்தை அதற்கே செலவழிப்பது என்று தீர்மானித்ததும், எப்படி என்பதை முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று வழிகள் இருந்தன. வெளியிலிருந்து அனுபவமுள்ள பயிற்றுநரை அழைத்து மூன்று நாள் பட்டறை நடத்தலாம். எல்லோரையும் இணையக் காணொளி வகுப்பில் சேர்க்கலாம். இல்லையென்றால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் நாங்களே கூடி எழுதலாம், மாணவர் நோட்டுகளைச் சேர்ந்து படிக்கலாம். முதல் ஆண்டு பட்டறை நடத்தினோம். அடுத்த இரண்டு ஆண்டுகள் கூடுகை. இன்று யாராவது கேட்டால், கூடுகையைத்தான் சொல்வேன். ஏன் என்பதையும், எங்கே அது போதாது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

காணொளி வகுப்பை முதலில் முடித்துவிடலாம். நம் வசதிக்குப் பார்க்கலாம், நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். எங்களில் இருவர் தாங்களாகவே ஒரு வகுப்பை முடித்தார்கள், பயன் இருந்தது என்றார்கள். ஆனால் நம் மாணவர் எழுதிய தாளைக் கையில் எடுத்து "இவனுக்கு அடுத்து என்ன சொல்லலாம்?" என்று பேச அங்கே ஆள் இல்லை. எழுத்துப் பயிற்சியின் உயிரே அந்தக் கேள்விதான் என்பதால், தனியாகக் கற்க விரும்பும் ஒருவருக்கு அது சரி, ஒரு துறை முழுவதற்கும் போதாது.

பட்டறை உண்மையிலேயே நன்றாக இருந்தது. வந்தவர் விரிவுரை ஆற்றவில்லை. கரும்பலகை முன் நின்று, எங்கள் கண்ணெதிரே ஒரு பத்தியை எழுதினார். எழுதும்போதே மனத்தில் ஓடுவதைச் சத்தமாகச் சொன்னார்: "இந்த வாக்கியம் முன்னாலேயே சொன்னதைத் திரும்பச் சொல்கிறது, அழிக்கிறேன். இங்கே வாசகருக்கு எந்த இடம் என்று தெரியாது, ஒரு சொல் சேர்க்கிறேன்." பல ஆண்டு பாடம் நடத்திய எனக்கு, வகுப்பில் நான் ஒரு நாளும் அடித்துத் திருத்தி எழுதிக் காட்டியதில்லை என்று அன்றுதான் உறைத்தது. நான் கொடுத்ததெல்லாம் குறிப்புச்சட்டகமும், முடிந்த மாதிரிக் கட்டுரையும்தான். சமைத்து முடித்ததைக் காட்டினேனே தவிர, அடுப்படியைக் காட்டவில்லை.

ஆய்வு முடிவுகளையும் அவர் எடுத்து வைத்தார். ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12 வரையிலான வகுப்புகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் ஓர் அறிக்கை தந்தார்கள். பயன் தந்த 11 முறைகள் அதில் உள்ளன. திட்டமிடுவது, திரும்ப எழுதுவது, செப்பனிடுவது ஆகியவற்றைப் படிப்படியாகச் சொல்லித்தருவதற்கு வலுவான பலன் இருந்தது. வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியும் உதவியது. இலக்கணத்தை எழுத்திலிருந்து பிரித்துத் தனிப்பாடமாக நடத்தியதோ, எழுத்தின் தரத்தை உயர்த்தவில்லை. தமிழ் மாணவர்களை வைத்து எடுத்த முடிவு அல்ல அது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று நமக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஆனாலும், புணர்ச்சி விதியை இன்னும் நான்கு வகுப்பு கூட நடத்தினால் கட்டுரை தானாகச் சீராகிவிடும் என்ற எங்கள் நம்பிக்கையை அது அசைத்தது.

ஆக, உள்ளடக்கத்தில் பட்டறைக்குக் குறை சொல்ல முடியாது. முதல் நாளை மட்டும் ஒப்பிட்டால் பட்டறையே மேல். ஒப்பிட வேண்டிய நாள் அதுவல்ல. ஆறு மாதம் கழித்து வகுப்பறையில் என்ன மிச்சம் இருக்கிறது, அதை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த ஒன்றுதான்.

பட்டறை முடிந்த முதல் மாதம் நோட்டுகளைப் புரட்டியபோது மகிழ்ச்சியாக இருந்தது. முதல் வரைவு, அம்புக்குறிகள், ஓரத்தில் கேள்விகள், இரண்டாம் வரைவு. மூன்றாம் மாதம் இரண்டாம் வரைவுகள் மெலிந்தன. ஆறாம் மாதம் பழைய நிலை: ஒரே வரைவு, பக்கம் முழுக்கச் சிவப்பு மை, கீழே "எழுத்துப்பிழைகளைத் தவிர்க்கவும்". யாரும் சோம்பலால் அப்படிச் செய்யவில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு வரைவு என்றால் எண்பது தாள். அதை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி மூன்றாம் வாரம் எழுகிறது, பயிற்றுநரோ முதல் வாரமே போய்விட்டார். ஒருவர் மகப்பேறு விடுப்பில் சென்றார். அவருக்குப் பதிலாக வந்தவருக்கு அந்த மூன்று நாளில் நடந்தது எதுவும் தெரியாது. கையேட்டைக் கொடுத்தோம், படித்தார். கையேட்டில் அந்தக் கரும்பலகை இல்லை.

ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். கோட்பாடு சொல்லுதல், செய்து காட்டுதல், செய்ய வைத்தல், குறை நிறை சொல்லுதல் என எல்லாம் இருந்தாலும், வகுப்பறையில் உடனிருந்து கைகொடுக்கும் துணை தொடரவில்லையென்றால் கற்றது வகுப்புக்குள் நிலைப்பது கடினம் என்பது அவர்கள் வாதம். எங்கள் நோட்டுகளே அதற்குச் சாட்சி.

அப்புறம்தான் கூடுகைக்கு வந்தோம். இந்த யோசனையின் தொடக்கம் எங்களுடையதல்ல. 1974-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துத் திட்டம், பின்னாளில் அமெரிக்கா முழுவதும் பரவிய ஒரு வலையமைப்பாக வளர்ந்தது. எழுதக் கற்பிப்பவர் தாமே எழுத வேண்டும், ஆசிரியருக்கு நல்ல ஆசான் இன்னோர் ஆசிரியர் என்ற இரண்டும் அதன் அடிப்படை. அங்கே கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் அமர்ந்து செய்கிறார்கள். எங்களுக்கு அது முடியாது. அந்த இரண்டு எண்ணங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதல் இருபது நிமிடம் ஆசிரியர்களே எழுதுவது. மாணவர்களுக்குக் கொடுத்த அதே தலைப்பு. முதல் கூடுகையில் "மழைநாள்" என்று எழுதினோம். எங்களில் மூத்த ஆசிரியை நான்கு வரி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். "மழைன்னா எந்த மழை, யாருக்குச் சொல்றேன், ஒண்ணுமே தெரியலையே டீச்சர். இதைத்தான் பசங்கள முன்னுரை, முடிவுரையோட எழுதச் சொல்றோமா?" என்றார். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அடுத்த வாரம் அவர் வகுப்பில் தலைப்பு மாறியது: "மழைக்கு நீ ஒதுங்கி நின்ற ஓர் இடம், அங்கே உன்னோடு நின்றவர்கள்". வந்த கட்டுரைகளில் "மழை உயிர்களின் ஆதாரம்" என்று தொடங்கியவை மூன்றோ நான்கோதான். தலைப்பைக் குறுக்கினால் எழுத்து விரியும் என்று பட்டறையிலும் சொன்னார்கள், நாங்கள் குறித்தும் வைத்திருந்தோம். பேனா நின்றுபோன அந்த நான்காவது வரிக்குப் பிறகுதான் அது உள்ளே இறங்கியது.

அடுத்த நாற்பது நிமிடம் நோட்டுகளுக்கு. ஒரே கட்டுரையைப் பெயர் மறைத்து நகலெடுத்து எல்லோருக்கும் கொடுப்போம். தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒரே நேரத்தில் காட்டுவோம். 1961-இல் ஆய்வாளர் பால் டீடரிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரங்களைப் பெற்றவை 94 விழுக்காடு. ஐந்துக்கும் குறைவான தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. படித்தபோது மிகையாகத் தோன்றியது. எங்கள் மேசையில் ஒரே கட்டுரைக்குப் பத்துக்கு 4-உம் 8-உம் விழுந்தபோது புரிந்தது.

அது ஒரு சிறுவன் தன் சைக்கிளைப் பற்றி எழுதியது. லகர ளகரம் எல்லாம் இடம் மாறியிருந்தது, ஒற்று எங்குமே இல்லை. ஆனால் நடுவில் இப்படி ஓர் இடம்: "செயின் கழன்றதும் மிதி சும்மா சுற்றியது. என் கால் மட்டும் வேலை செய்தது, வண்டி நின்றுவிட்டது." 4 போட்டவர் பிழைகளை எண்ணியிருந்தார். 8 போட்டவர் அந்த இரண்டு வாக்கியத்தைப் பார்த்திருந்தார். இருவரும் தவறு இல்லை. ஆனால் அந்தப் பையன் இந்த ஆண்டு ஒருவரிடமும் அடுத்த ஆண்டு இன்னொருவரிடமும் படித்தால், "நல்லா எழுதுறது" என்றால் என்ன என்பதே அவனுக்குக் குழம்பிவிடும். ஒரு மணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் வரைவில் பிழையைத் தொடுவதில்லை, "இந்த இடத்தை இன்னும் காட்டு" என்று ஒரே ஒரு குறிப்பு. இரண்டாம் வரைவில் ஒரே வகைப் பிழை மட்டும், அந்த மாதம் முழுக்க லகர ளகரம். திருத்தும் நேரமும் குறைந்தது. எண்பது தாள் சிக்கலுக்குக் கிடைத்த விடை இதுதான். எங்கள் வகுப்பின் அளவும் எங்கள் பாடவேளையும் தெரிந்தவர்கள் சேர்ந்து கண்டுபிடித்த விடை.

மீதி நேரத்தில், வரும் பதினைந்து நாளில் தன் வகுப்பில் செய்து பார்க்கப்போகும் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்வார். அடுத்த முறை மூன்று நோட்டுகளோடு வர வேண்டும். பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். நினைவூட்டலுக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை, அடுத்த கூடுகையே நினைவூட்டல். புதிதாக வரும் ஆசிரியர் அடுத்த கூடுகையில் உட்கார்ந்துவிடுகிறார்.

நேரக் கணக்கை மறைக்கக் கூடாது. பட்டறை மூன்று நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், மொத்தம் 18 மணி. கூடுகை ஆண்டுக்கு 18 முறை, ஒன்றரை மணி வீதம் 27 மணி. கூடுகைதான் அதிகம் கேட்கிறது. அது எளிதில் சாகவும் கூடியது. கூடுகையின் முதல் ஆண்டில் தேர்வு மாதத்தில் இரண்டு கூடுகைகளை விட்டோம், மூன்றாவதற்கு நான்கு பேர்தான் வந்தார்கள். அதன் பிறகு நேரத்தைக் கால அட்டவணையிலேயே எழுதி வைத்தோம், நடத்தும் பொறுப்பைச் சுழற்சியில் விட்டோம். நோட்டைத் தவிர எதையும் தயாரித்துக்கொண்டு வரக் கூடாது என்றும் விதி வைத்தோம். தயாரிக்க வேண்டியிருந்தால் களைத்த நாளில் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. தன் மாணவரின் மோசமான கட்டுரையை மேசையில் வைப்பது ஆசிரியருக்குத் தன்னையே சோதனைக்கு வைப்பது போல. பணி மதிப்பீடு எழுதுபவன் நானாக இருந்ததால் முதல் மாதம் எல்லோரும் நல்ல நோட்டுகளையே கொண்டுவந்தார்கள். இங்கே பார்த்தது எதுவும் மதிப்பீட்டில் வராது என்று எழுதியே கொடுத்தேன். முதல் மோசமான கட்டுரையை என் வகுப்பிலிருந்தே எடுத்து வைத்தேன். அதன் பிறகுதான் உண்மையான நோட்டுகள் வந்தன.

கூடுகையின் பெரிய பலவீனம், உள்ளேயே சுழல்வது. எல்லோரும் ஒரே தவறான எண்ணத்தில் ஒத்துப்போனால் திருத்த ஆள் இல்லை. ஒரு பருவம் முழுக்க, ஓட்டம் கெடக் கூடாது என்று பிழைகளை இரண்டாம் வரைவிலும் விட்டுவிட்டோம். அது அளவு மீறிப்போனது. பட்டறைக் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்த பிறகே செப்பனிடும் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். பட்டறையில் பார்த்த அந்தக் கரும்பலகை இல்லாமல் எங்கள் கூடுகை இந்த அளவுக்கு வந்திருக்குமா என்றால், வந்திருக்காது என்றே நினைக்கிறேன். வரைவு முறையில் எழுத்தைக் கற்பித்த ஒருவர்கூட இல்லாத துறை என்றால், முதலில் ஒரு நல்ல பட்டறை வைத்துக்கொள்வதே சரி. அதை ஒரு நாளாகச் சுருக்கி, மிச்ச நேரத்தைக் கூடுகைக்குத் தரலாம்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. எழுத்துக்கூட்டவே பழகிக்கொண்டிருக்கும் சின்ன வகுப்புகளில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. ஆய்வக அறிக்கை எழுத வைக்கும் அறிவியல் ஆசிரியர்கள் இருவர் சில முறை வந்து உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு இது எவ்வளவு உதவியது என்று சொல்லும் அளவுக்குப் போதுமான முறை வரவில்லை. தேர்வு மதிப்பெண் கூடியதா என்றால், கூடியது. ஆனால் அதே ஆண்டில் வினாத்தாள் அமைப்பும் மாறியதால் அந்தப் பெருமையைக் கூடுகைக்குக் கொடுக்க மாட்டேன். நோட்டுகளைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன். கூடுகையின் இரண்டாம் ஆண்டின் கடைசி மாதத்திலும் ஒன்பது வகுப்புகளில் ஏழில் இரண்டாம் வரைவு இருந்தது. பட்டறை ஆண்டின் கடைசியில் அது ஒரே ஒரு வகுப்பில்தான்.

தொடங்க நினைப்பவர்கள் துறை முழுவதையும் திரட்டக் காத்திருக்க வேண்டாம். மூன்று பேர் போதும். ஆளுக்கு இரண்டு நோட்டு, அதில் ஒன்று திருத்தவே தோன்றாமல் ஒதுக்கி வைத்ததாக இருக்கட்டும். முதல் இருபது நிமிடத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.